ருமேனிய மொழிப் பன்மை: 'உரி'யா, 'எ'யா?

ருமேனியாவின் க்ளூஜ் நகரில் இருக்கிறேன். ருமேனிய மொழி படிக்கத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. நியூட்டர் (ஆண்பால், பெண்பால் தவிர்த்த மூன்றாம் பால்) சொற்களின் பன்மையில் சிக்கிவிட்டேன்.

ஒருமையில் ஆண்பால் போலவும் பன்மையில் பெண்பால் போலவும் நடக்கும் என்பது புரிகிறது: 'உன் ட்ரென்' (ஒரு ரயில்), 'தொவ ட்ரெனுரி' (இரண்டு ரயில்கள்). பன்மை விகுதி 'உரி'யா, 'எ'யா என்பதில்தான் தினமும் தப்பு செய்கிறேன்.

ஓரசைச் சொல் என்றால் 'உரி' என்று வைத்துப் பார்த்தேன். பாலத்துக்கு பொத், பொதுரி, சரி. ஆனால் கட்டைக்கு லெம்ன், லெம்னெ! ஹோட்டல் ஓரசையே இல்லை, அதற்கு ஹோட்டெலுரி.

அப்புறம் சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்று பார்த்தேன். நகரம் என்ற ஒராஷ், ஹங்கேரிய வாரோஷிலிருந்து வந்தது, பன்மை ஒராஷெ. எண்ணம் என்ற கின்த்-ம் ஹங்கேரியச் சொல்தான், ஆனால் கின்துரி. ஆங்கிலத்திலிருந்து புதிதாக வந்தவை மட்டும் பெரும்பாலும் 'உரி'க்குப் போகின்றன: லிங்க்குரி, வீக்கெண்டுரி. நிவெல் என்ற சொல்லுக்கோ இரண்டுமே உண்டு: நிலைகள் என்றால் நிவெலுரி, ரசமட்டக் கருவி என்றால் நிவெலெ. அகராதி பார்த்து அட்டையில் எழுதியும் பேசும்போது வருவதில்லை.

பழைய சொற்களில் இதை ஊகிக்க நம்பகமான அடையாளம் ஏதாவது இருக்கிறதா?