புதுப்பிப்பு: காய்ந்துபோன செங்காந்தள் மீண்டும் முளைத்துப் பூத்துவிட்டது

தை மாதம் மாடித் தொட்டியில் இருந்த செங்காந்தள் கொடி அடியோடு காய்ந்ததும், செத்துவிட்டதா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கொடி உயிரோடுதான் இருக்கிறது.

பலித்தது, "கிழங்கு உறங்குகிறது, தோண்டாதீங்க, தண்ணியும் விடாதீங்க" என்ற யோசனைதான். தொட்டியை மழை படாத நிழலில் கோடை முழுக்க அப்படியே விட்டேன். உரம் போடச் சொன்னதைச் செய்யவில்லை, தேவையும் படவில்லை. ஆடிக் கடைசியில் தண்ணீர் விடத் தொடங்கினேன், ஆவணியில் முளை வந்தது. முளை நுனி ஒடிந்தால் கிழங்கின் அந்தக் கிளையில் வேறு முளை வருவது அரிது என்று ஒருவர் எச்சரித்திருந்தார். அதனால் பக்கத்திலேயே குச்சி நட்டேன். இலை நுனியே சுருண்டு பற்றிக்கொண்டு ஏறுகிறது.

எதிர்பாராதது: போன வருடம் ஒற்றைக் கொடி, இந்த முறை இரண்டு. பழைய கிழங்கு சுருங்கி, கலப்பை வடிவில் புதியது உருவாகிறது. அதன் இரு நுனியிலும் முளை உண்டு.

மற்ற பூக்கள் ஓய்ந்த ஐப்பசி மழையில்தான் இது பூத்தது. இதழ் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறுவதை நாள்தோறும் பார்க்கலாம். தேன்சிட்டும் பட்டாம்பூச்சிகளும் வருகின்றன. விவசாயிகள் விதைக்காகக் கையால் மகரந்தம் சேர்ப்பார்கள். நான் தொடவில்லை, ஆனாலும் சில காய்கள் பிடித்திருக்கின்றன.

தேடி வருபவர்களுக்கு ஒன்று: செடி முழுவதும் கொல்கிசின் என்ற நஞ்சு, கிழங்கிலும் விதையிலும் அதிகம். குழந்தைகள், ஆடு மாடு எட்டாத இடத்தில் மட்டும் வையுங்கள், கையுறை போட்டே கிழங்கைத் தொடுங்கள்.