பேட்டரி ஃபுல், ஆனாலும் மிக்ஸி போட்டா இன்வெர்ட்டர் கட் ஆகுது: கேபிளா, ஃபியூஸா?

குடந்தை மாடிவீடு:
வணக்கம். கும்பகோணத்துல வீடு. 2 கேவிஏ, 24 வோல்ட் இன்வெர்ட்டர். 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி ரெண்டு, சீரிஸ்ல. எல்லாம் ஹால்லதான் இருந்தது. சார்ஜ் ஏறும்போது வாடை அடிக்குதுன்னு வீட்டுல சொன்னதால பேட்டரியை மட்டும் மாடிப்படிக்கு அடியில மாத்தினோம். இப்போ நடுவுல 4 மீட்டர் தூரம். வந்த எலக்ட்ரீஷியன் 10 ஸ்கொயர் எம்.எம். காப்பர் கேபிள் இழுத்து, கார் ஆடியோ கடையில கிடைக்கிற 80 ஆம்ப்ஸ் கண்ணாடி ஃபியூஸை இன்வெர்ட்டர் பக்கத்துல மாட்டிட்டுப் போனார்.

ஃபேன், லைட் மட்டும்னா பிரச்சினை இல்லை. மிக்ஸி போட்டா பீப் அடிச்சு லோ பேட்டரின்னு நின்னுடுது. ஹைட்ரோமீட்டர்ல (ஆசிட் அடர்த்தி பார்க்கிற கருவி) எல்லா செல்லும் 1240 காட்டுது, அதாவது ஃபுல் சார்ஜ். ஃபியூஸ் ஹோல்டர் பிளாஸ்டிக் பழுப்பாயிடுச்சு. கேபிள் எத்தனை ஸ்கொயர் போடணும், ஃபியூஸ் எவ்வளவு? கடைக்காரர் ஃபியூஸே வேணாம், 63 ஆம்ப்ஸ் எம்சிபி (கரண்ட் மிஞ்சினா தானா விழற சுவிட்ச்) போடுங்கன்றார்.

செம்புக்கம்பி:
எதையும் வாங்காதீங்க சார், முதல்ல அளங்க. மிக்ஸியும் ஃபேனும் ஓடும்போது பேட்டரி முனையில வோல்ட் எவ்வளவு, இன்வெர்ட்டர் முனையில எவ்வளவு? மீட்டரை கேபிள் லக் (கேபிள் நுனியில மாட்டுற உலோகக் காது) மேல வைக்காம பேட்டரியோட ஈயக் கம்பத்து மேலேயே வைங்க. அப்புறம் ஃபியூஸ் ஹோல்டரோட ரெண்டு பக்கமும் குறுக்க ஒரு அளவு, ஒவ்வொரு லக்குக்கும் கம்பத்துக்கும் நடுவுல ஒரு அளவு. டிசி கிளாம்ப் மீட்டர் கிடைச்சா ஆம்ப்ஸும் பாருங்க.

குடந்தை மாடிவீடு:
பக்கத்துத் தெரு தம்பிகிட்ட கிளாம்ப் மீட்டர் வாங்கிப் பார்த்தேன். மிக்ஸி, மூணு ஃபேன் ஓடும்போது 52 ஆம்ப்ஸ். பேட்டரியில 23.6, இன்வெர்ட்டர்ல 21.7. ஹோல்டர் குறுக்க 0.8. நெகட்டிவ் லக்ல 0.3. மத்த லக்கெல்லாம் ஒண்ணும் காட்டலை.

செம்புக்கம்பி:
அருமை, விடை இதுலயே இருக்கு. 24 வோல்ட் இன்வெர்ட்டர்ல லோ கட், அதாவது லோ பேட்டரின்னு தானா நிக்கிற அளவு, பெரும்பாலும் 21 வோல்ட் பக்கம். நீங்க 21.7ல நிக்கறீங்க. மிக்ஸி கிளம்பும்போது மோட்டார் இழுக்கிற இழுப்புல அது 21க்குக் கீழ போகாம வேற என்ன செய்யும்? பேட்டரி மேல குத்தமே இல்லை.

1.9 வோல்ட் எங்க போச்சுன்னு பாருங்க. 10 ஸ்கொயர் செம்புக்கு மீட்டருக்கு சுமார் 1.9 மில்லி ஓம். போக 4, வர 4, மொத்தம் 8 மீட்டர். 15 மில்லி ஓம். 52 ஆம்ப்ஸுக்கு 0.8 வோல்ட் கேபிள்லயே போகுது. ஹோல்டர் 0.8, நெகட்டிவ் லக் 0.3. கணக்கு நேரா வந்துடுச்சு. கேபிள் சின்னதுதான், ஆனா இழப்புல பாதிக்கு மேல ஜாயிண்ட்லதான். 0.8 வோல்ட்டை 52ஆல பெருக்கினா 41 வாட். அந்தச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள ஒரு சால்டரிங் அயர்ன் எரியற மாதிரி. பழுப்பாகாம இருக்குமா? கேபிளை மட்டும் மாத்தி அந்த ஹோல்டரையே வச்சிருந்தா ஒருநாள் உருகியிருக்கும்.

ராஜபாளையம் ஸ்பின்னிங்:
எங்க வீட்டுல 63 ஆம்ப்ஸ் எம்சிபிதான். நாலு வருஷமா ஒண்ணும் ஆகலை. சும்மா பயமுறுத்தாதீங்கப்பா.

ஓய்வுபெற்ற லைன்மேன்:
ஒண்ணும் ஆகலைன்னா அதுக்கு இன்னும் வேலை வரலைன்னு அர்த்தம் தம்பி. வீட்டு எம்சிபி ஏசிக்குச் செஞ்சது. ஏசி நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடும். உள்ளே பொறி வந்தாலும் அந்த இடத்துல அணைஞ்சிடும். டிசிக்குப் பூஜ்யம் கிடையாது, பொறி பிடிச்சா பிடிச்சதுதான். பேட்டரி ஷார்ட் ஆனா ஆயிரம் ஆம்ப்ஸுக்கு மேல கொட்டும். டிசின்னு அச்சடிச்ச பிரேக்கர் தனியா வருது, அதுல எத்தனை வோல்ட், எவ்வளவு கிலோ ஆம்ப்ஸ் அறுக்கும்னு போட்டிருக்கும், சிலதுல பிளஸ் மைனஸ் திசையும் இருக்கும். போடறதுன்னா அதைப் போடு. அதுவும் இவருக்கு 63 பத்தாது, ஃபுல் லோடுல டிரிப் ஆகும்.

குடந்தை மாடிவீடு:
அப்போ என்னதான் போடறது ஐயா?

ஓய்வுபெற்ற லைன்மேன்:
2 கேவிஏன்னா 1600 வாட்னு வை. இன்வெர்ட்டர்ல 15 சதவீதம் வீணாகுதுன்னு பிடி. பேட்டரி இறங்கி 21 வோல்ட்ல நிக்கும்போதுதான் கரண்ட் அதிகம்: கிட்டத்தட்ட 90 ஆம்ப்ஸ். அதுக்கு மேல கால் பங்கு சேர்த்தா 112. அடுத்து கிடைக்கிற அளவு 125. மெகா ஃபியூஸ்னு போல்ட் போட்டு முறுக்குற வகை வாங்கு, லக்கை நேரா ஃபியூஸ் மேலேயே முறுக்கலாம். கிளம்பற இழுப்பைக் கொஞ்ச நொடி தாங்கும். 32 வோல்ட்னு போட்டிருக்கும், உன் 24க்குச் சரி. 48 வோல்ட்காரங்க அதைத் தொடக்கூடாது.

ஃபியூஸ் காப்பாத்துறது கேபிளை, இன்வெர்ட்டரை இல்லை. அதனால 125 தாங்கற கேபிள் வேணும். 25 ஸ்கொயர் போதும்னு சிலர் சொல்வாங்க. நம்ம ஊர் வெயில்ல, மூடின படிக்கட்டு அடியில, எனக்கு மனசு வராது. 35 போடு. இப்போ இருக்கிற 10 ஸ்கொயருக்கு 80 ஃபியூஸே ஜாஸ்தி.

அப்புறம் இடம். ஃபியூஸ் பேட்டரி பிளஸ்ல இருந்து ஒரு சாணுக்குள்ள இருக்கணும். இன்வெர்ட்டர் பக்கத்துல வச்சா நடுவுல 4 மீட்டரும் அனாதை. எலி கடிச்சு பிளஸ்ஸும் மைனஸும் ஒண்ணோட ஒண்ணு பட்டா எது அறுக்கும்?

செம்புக்கம்பி:
ஐயா சொன்னது அத்தனையும் சரி. ஆனா நான் உங்க இடத்துல இருந்தா 8 மீட்டர் 35 ஸ்கொயர் வாங்கவே மாட்டேன். இன்வெர்ட்டரையும் படிக்கட்டுப் பக்கம் கொண்டு போங்க, ஹாலுக்கு ஏசி ஒயரை நீட்டுங்க. அதே 1600 வாட் 230 வோல்ட்ல வெறும் 7 ஆம்ப்ஸ், 2.5 ஸ்கொயர் ஒயர் தாராளம். 90 ஆம்ப்ஸை 4 மீட்டர் நடத்திக் கூட்டிட்டுப் போறதுக்கு என்ன அவசியம்? ஒண்ணு மட்டும், பேட்டரிக்கு நேர் மேல மாட்டாதீங்க, ஆசிட் ஆவி போர்டைத் தின்னுடும், ஹைட்ரஜனும் மேல்நோக்கித்தான் வரும். பக்கத்துச் சுவர்ல, காத்து வர்ற மாதிரி.

கேபிள் வாங்கும்போது ஒரு இழையைப் பிளேடால சுரண்டிப் பாருங்க. உள்ளே வெள்ளையா இருந்தா அலுமினியத்துக்குச் செம்பு முலாம். மின்தடை ஒன்றரை மடங்குக்கு மேல. கார் ஆடியோ ஒயர்ல இது சகஜம். நல்ல செம்பு வெல்டிங் கேபிள் தாராளமா போடலாம். லக்கை சுத்தியலால அடிக்க விடாதீங்க, லாரி பேட்டரி ஒயர் செய்யற ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில ஹைட்ராலிக் கிரிம்பிங் (லக்கைக் கேபிளோட அழுத்திப் பிடிக்க வைக்கிற மெஷின்) இருக்கும்.

நெய்வேலி வாசகி:
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கவும். லித்தியம் பேட்டரிக்கும் மெகா ஃபியூஸ் போதுமா?

செம்புக்கம்பி:
இல்லைங்க மேடம். மெகா அறுக்கறது 2000 ஆம்ப்ஸ் வரைக்கும்தான். பெரிய லித்தியம் பேங்க் ஷார்ட் ஆனா அதைத் தாண்டும். கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் கேளுங்க, 20,000 ஆம்ப்ஸ் வரை அறுக்கும். விலை கூடத்தான்.

குடந்தை மாடிவீடு:
இன்வெர்ட்டரை மாத்தியாச்சு. ஒரு பக்கம் 1 மீட்டர் 35 ஸ்கொயர், 125 மெகா ஃபியூஸ் பேட்டரி ஓரமாவே. நெகட்டிவ் கம்பத்தை உப்புத்தாளால தேய்ச்சு, முறுக்கினப்புறம் வாசலின் பூசினேன். அதே லோடுல பேட்டரியில 23.7, இன்வெர்ட்டர்ல 23.5. மிக்ஸி ஓடுது, கிரைண்டரும் ஓடுது. ரெண்டு பேட்டரிக்கும் நடுவுல இருக்கிற லிங்க் மட்டும் லேசா சுடுது, பரவாயில்லையா?

ஓய்வுபெற்ற லைன்மேன்:
அந்த லிங்க் பழைய 10 ஸ்கொயர்தானே? சீரிஸ்ல அது வழியாவும் அதே கரண்ட்தான் போகுது, இப்போ அதுக்குக் காவல் 125 ஃபியூஸ். அதையும் 35ஆ மாத்து. அதுவரைக்கும் மிக்ஸியும் கிரைண்டரும் சேர்ந்து ஓட்டாதே.

குடந்தை மாடிவீடு:
சரிங்க ஐயா. மிச்ச கேபிள் ஒரு அடி இருக்கு, நாளைக்கே லக் அடிச்சு வாங்கிட்டு வர்றேன்.