பிவிசி மறுசுழற்சியில் அமிலம் வராதாம்!

பாளை ஆசிரியர்: பழைய பிவிசி குழாயை வேதிமுறையில் மறுசுழற்சி செய்தால் துளி அமிலமும் வெளிவராது என்று பேட்டைக்காரர் நேற்று இங்கே எழுதியதைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. பிவிசியின் எடையில் 57 விழுக்காடு குளோரின். சூடேற்றினால் அது ஹைட்ரஜன் குளோரைடாகக் கழன்று வரும். ஈரம் பட்டால் அதுவே அமிலம். உப்பிலிருந்து பிரித்துக் குழாய்க்குள் அடைத்த குளோரின் எங்கே மாயமாகும்?

பேட்டைக்காரன்: அண்ணாச்சி, 57 இல்லை, 58. நூறு கிலோ பிவிசிக்கு 58 கிலோ ஹைட்ரஜன் குளோரைடு. கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு எரிச்சல்படுங்கள். அமிலத்தை முறிக்கும் காரமான காஸ்டிக் சோடாவின் கரைசலில் அதைப் பிடித்துவிட்டால் மிஞ்சுவது உப்புநீர்தான்.

பாளை ஆசிரியர்: ஆண்டுக்கணக்காகக் கரும்பலகையில் 57 என்று எழுதிய கை இது, தம்பி. உங்கள் 58 கிலோவை அடக்க 64 கிலோ காஸ்டிக் சோடா வேண்டும். ஏறத்தாழ 94 கிலோ உப்பு மிஞ்சும். நூறு கிலோ குப்பையை ஒழித்து 94 கிலோ உப்பை உண்டாக்கி, அதைத் தாமிரபரணியில் கரைப்பதற்குப் பெயர்தான் சுற்றுச்சூழல் நேயமா?

மேலப்பாளையம் குழாய்க்கடை: 57 குளோரின் மட்டும், 58 அதோடு ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ரஜன் குளோரைடு; இரண்டும் சரிதான். அது கிடக்கட்டும், குழாயில் பிவிசி மட்டுமா இருக்கிறது? சுண்ணாம்புத் தூளும் உண்டு, பழைய குழாய்களில் ஈயமும் உண்டு. ஈயத்துக்கு இந்தியாவில் 2021இல்தான் தனி விதிகள் வந்தன. இத்தாலியின் ஃபெராரா நகரில் 2002இல் தொடங்கிய வினிலூப் ஆலை கரைப்பானில் கரைத்துப் பிவிசியை மீட்டது. பழைய சரக்கிலிருந்த, பிவிசியை வளையும்படி மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட் என்னும் மென்மையூட்டிகளுக்கு ஐரோப்பாவில் கட்டுப்பாடு வந்ததால் 2018இல் மூடப்பட்டது. அங்கே பிவிசி கரைந்ததே தவிர, அதன் மூலக்கூறு உடையவே இல்லை. அதையும் வேதிமுறையில் சேர்ப்பதா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

பேட்டைக்காரன்: வரையறை பிறகு, ஆசிரியர் முதலில் 58ஐ ஒப்புக்கொள்ளட்டும். அதே தாலேட்டைத் துணையாகக் கொண்டு, மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2022இல் மின்சாரத்தால் குளோரினைப் பிரித்து வேறு சேர்மங்களில் ஏற்றிக் காட்டினார்களே, அது கண்ணில் படவில்லையா?

பாளை ஆசிரியர்: ஆய்வகக் குடுவையில் நடந்ததைக் காட்டி ராமையன்பட்டிக் குப்பைமேட்டைக் கரைக்கப் பார்க்கிறீர்கள். போன ஆண்டு ஆழ்துளைக் கிணற்று விவாதத்திலும், என் கேள்விக்கு விடை சொல்லாமல் நழுவியவர்தானே நீங்கள்?

பேட்டைக்காரன்: அந்தக் கிணற்றில் தண்ணீர் வந்ததா இல்லையா என்பதை ஊரே அறியும்.

மேலப்பாளையம் குழாய்க்கடை: இரண்டு மூட்டைத் துண்டுக் குழாய் கடைப் பின்புறம் கிடக்கிறது. உங்களில் யார் எடுத்துக்கொள்வீர்கள்?

பாளை ஆசிரியர்: மூட்டை இருக்கட்டும். அதில் குளோரின் 57 விழுக்காடு என்று மேலே எழுதி ஒட்டிவையுங்கள்.