பழைய ஊசல் வகைத் தபால் தராசு: எண்ணெய் இல்லாமலே இவ்வளவு இலகுவாக ஆடுவது எப்படி?

துலாமுள் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். என் சேகரிப்பில் புதிதாகச் சேர்ந்துள்ள தபால் தராசு ஒன்றில் எடைக்கல்லும் இல்லை, சுருள்வில்லும் இல்லை. கடிதத்தை வைக்கும் தட்டு மேலே இருக்கிறது. அது இறங்கும்போது கீழே உள்ள கனத்த குண்டு பக்கவாட்டில் உயர, வில் வடிவத் தகட்டின் மீது முள் நகர்ந்து 50 கிராம் வரை எடையைக் காட்டுகிறது. சிறு காகிதத் துண்டுக்குக்கூட அசையும் அந்த முள், பலமுறை ஆடிய பின்னரே நிற்கிறது. அச்சில் பந்துத் தாங்கியோ எண்ணெய்க் குழியோ இல்லாதபோது இது எவ்வாறு இயல்கிறது? மேலும், ஒரே உறையை அடுத்தடுத்து வைத்தால் ஒருமுறை 18 கிராமும் மறுமுறை 19 கிராமும் காட்டுகிறது. எண்ணெய் விட்டால் இது சரியாகுமா?

பட்டறைவாசி:
தயவுசெய்து எண்ணெய் விடாதீர்கள். உங்கள் தராசின் கரம் உருண்டையான ஊசியின் மீது சுழலவில்லை. கத்தி விளிம்பு போல் தீட்டிய எஃகு முனை ஒன்று ஆங்கில 'வி' வடிவப் பள்ளத்தில் அமர்ந்து, சறுக்காமல் உருள்கிறது. உராய்வின் திருப்புத்திறன், அதாவது சுழற்சியைத் தடுக்கும் ஆற்றல், என்பது உராய்வுக் குணகம், தாங்கும் எடை, அச்சின் ஆரம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலன். 1 மி.மீ. ஆரமுள்ள ஊசி 200 கிராமைத் தாங்குவதாகவும் குணகம் 0.2 என்றும் கொண்டால் அது 40 கிராம்-மி.மீ. ஆகும், தட்டு 60 மி.மீ. தொலைவில் இருந்தால், முள் மேலும் கீழும் ஏறக்குறைய 0.7 கிராம் தவறான இடத்தில் நின்றுவிடக்கூடும். கத்தி விளிம்பின் வளைவு ஆரம் 0.01 மி.மீ. என்றால், சறுக்குவதாகவே வைத்துக்கொண்டாலும் அந்தப் பிழை நூறில் ஒரு பங்காகிவிடுகிறது. எண்ணெயோ தூசியைப் பிடித்து, நாளடைவில் பிசினாக இறுகி, இந்த நன்மை முழுவதையும் கெடுத்துவிடும். அதேபோல் விளிம்பை அரம் கொண்டு தீட்டவும் வேண்டாம். விளிம்புகளுக்கு இடைப்பட்ட தூரம் மாறினால் தகட்டில் பொறித்த அளவுகள் அனைத்தும் பொய்யாகிவிடும்.

முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். உறை தட்டில் இருக்கும்போதே, தட்டை மெல்ல அழுத்திக் கொண்டுவந்து ஆட விடாமல் விடுங்கள். பிறகு சற்றே உயர்த்தி அதேபோல் விடுங்கள். முள் இரண்டு இடங்களில் நின்றால் குற்றம் உராய்வுடையது. ஒரே இடத்தில் நின்றும் எடை தவறாக இருந்தால், அடித்தளம் மட்டமாக இல்லை என்று பொருள்.

பழைய உறை:
இத்தகைய தராசுகள் வீட்டு மேசைக்கு வந்ததற்குக் காரணம் அஞ்சல் கட்டணத்தில் நேர்ந்த மாற்றம். பிரிட்டனில் அதுவரை தாள்களின் எண்ணிக்கையையும் தொலைவையும் கொண்டு கட்டணம் கணக்கிட்டார்கள். ரோலண்ட் ஹில் முன்வைத்த சீர்திருத்தத்தின்படி, 1840 ஜனவரி 10 முதல், நாட்டுக்குள் எத்தொலைவாயினும் அரை அவுன்ஸ் கடிதத்துக்கு ஒரு பென்னி என்றானது. அரை அவுன்ஸ் என்பது 14 கிராமுக்குச் சற்றே அதிகம். பிரான்சில் 1849 ஜனவரி 1-இல் அஞ்சல் தலை அறிமுகமானபோது, 20 சென்டிம் கட்டணத்துக்கான வரம்பு 7.5 கிராம்தான். நண்பர் மேலே கணக்கிட்ட 0.7 கிராம் பிழை அந்த வரம்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு என்பதை எண்ணினால், மலிவான தராசிலும் கத்தி விளிம்பை ஏன் விடாமல் வைத்தார்கள் என்பது விளங்கும்.

வளைந்த கரமுள்ள இந்தத் தராசின் கணிதத்தை 18-ஆம் நூற்றாண்டிலேயே கணித அறிஞர் யோகான் ஹைன்ரிச் லாம்பர்ட் ஆராய்ந்திருக்கிறார். கரம் சாயும் கோணத்தின் டேன்ஜென்ட் எடைக்கு நேர்விகிதத்தில் இருப்பதால்தான் உங்கள் தகட்டில் கோடுகள் எடை கூடக்கூட நெருங்கிவருகின்றன. இரு பக்கமும் புவியீர்ப்பே இயக்குவதால், சுருள்வில் தராசைப் போல இது காலப்போக்கில் தளர்வதும் இல்லை. கத்தி விளிம்பையும் நீக்கிவிட்டு, இழுத்துக் கட்டிய எஃகு நாடாக்கள் முறுக்கிக்கொள்வதையே சுழற்சியாகக் கொண்ட தராசுகள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் வந்தன. அவற்றை உருவாக்கியவர்களில் சின்சினாட்டியைச் சேர்ந்த ஆல்பிரட் ஸ்பிரிங்கர் முக்கியமானவர். என்னைப் பொறுத்தவரை, உராய்வை வென்ற முறைகளில் மிக அழகானது அதுவே.

துலாமுள்:
சோதித்தேன். அழுத்தி விட்டால் 19-இலும் உயர்த்தி விட்டால் 18-இலும் நிற்கிறது. உறையைத் தட்டின் ஓரத்தில் வைத்தால் அந்த இடைவெளி இன்னும் கூடுகிறது.

பட்டறைவாசி:
அப்படியானால் குற்றம் கத்தி விளிம்பில் இல்லை. தட்டின் தண்டை நிமிர்த்திப் பிடிக்கும் கீழ்க்கம்பியில் இருக்கிறது. கரம், தண்டு, கீழ்க்கம்பி ஆகியவை சேர்ந்து உருவாக்கும் இணைகரம், 1669-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் ரோபர்வால் காட்டிய அமைப்பின் வழித்தோன்றல். உறையை எங்கு வைத்தாலும் எடை மாறாமல் காட்டுவது அதன் சிறப்பு. ஆனால் உறை ஓரத்தில் இருந்தால், தண்டு சாயாமலிருக்கக் கீழ்க்கம்பி பக்கவாட்டில் இழுக்கப்பட்டு, அதன் சிறு ஊசிகளில் உராய்வு கூடுகிறது. அந்த ஊசிகளைக் கழற்றி, சாராவியில் (ஸ்பிரிட்) நனைத்த மரக்குச்சியால் துளைகளைத் துடைத்து, நன்கு உலர்ந்த பின் மாட்டுங்கள்.

துலாமுள்:
துளைகளில் கறுத்து இறுகிய பழைய எண்ணெய் இருந்தது. எனக்கு முன்பே யாரோ விட்டிருக்கிறார்கள். துடைத்து மாட்டிய பிறகு, அழுத்தி விட்டாலும் உயர்த்தி விட்டாலும் முள் 18.5-இலேயே நிற்கிறது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.