ஒக்சோகுறோமுக்குத் தமிழ்: சாயமேற்றியா, நிறமேற்றியா?

அன்பின் நண்பர்களுக்கு,

பிள்ளைகளின் இரசாயனப் பாடத்துக்கு நாம் தேடும் தமிழ்ச் சொற்களில், மூலக்கூற்றுக்கு நிறம் தரும் பகுதியான குறோமோபோருக்கு (chromophore) 'நிறந்தாங்கி' என்பதில் நமக்குள் இப்போது பிணக்கில்லை. அந்த நிறத்தை ஆழமாக்கும் ஒக்சோகுறோம்தான் (auxochrome) இழுபடுகிறது. சென்னை நண்பர் சொன்ன 'துணைநிறமி' எனக்கு ஒத்துவரவில்லை. நிறமி என்றதும் பிள்ளைகள் மெலனினையும் பச்சையத்தையும் நினைப்பார்கள். துணைநிறமி என்றால் அது இன்னொரு நிறப்பொருள் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஒக்சோகுறோம் தனிப்பொருளே அல்ல. மூலக்கூற்றில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு கூட்டம், அதாவது ஒருசில அணுக்களின் தொகுதி, அவ்வளவுதான். அனிலீனில் பென்சீன் வளையத்தோடு இருக்கும் அமீனோக் கூட்டம் (NH₂) அதற்கு நல்ல உதாரணம்.

குறோமோபோர், ஒக்சோகுறோம் என்ற இரு சொற்களையும் கொண்டுவந்தவர் சாய இரசாயனவியலாளர் ஒட்டோ விட். இரண்டு பென்சீன் வளையங்களை இரு நைதரசன் அணுக்கள் இணைக்கும் அசோபென்சீனில் ஓர் அமீனோக் கூட்டம் சேர்ந்தால் 'அனிலீன் மஞ்சள்' என்ற சாயம், மூன்று சேர்ந்தால் 'பிஸ்மார்க் கபிலம்' என்ற சாயம் என்று அவர் காலத்தில் கருதினார்கள். அப்படியானால் இரண்டு சேர்ந்தது இடையில் செம்மஞ்சளாக இருக்க வேண்டுமே என்று கணக்குப் போட்டார். கிறைசொயிடின் என்ற சாயம் அப்படித்தான் வந்தது. மஞ்சள், செம்மஞ்சள், கபிலம்: ஒவ்வொரு கூட்டமாக வர நிறம் படி ஏறுகிறது.

ஏற்றுவது அமீனோக் கூட்டத்து நைதரசனின் தனிச்சோடி இலத்திரன்கள், அதாவது பிணைப்பில் சேராத இரு இலத்திரன்கள். அவை பென்சீன் வளையத்துக்குள் பரவுகின்றன; உறிஞ்சும் ஒளியின் அலைநீளம் கூடுகிறது. பென்சீன் 254 நானோமீற்றரை ஒட்டிக் கழியூதாவை (புற ஊதாவை) உறிஞ்சுகிறது, அனிலீன் 280இல். அனிலீனுக்கு அமிலம் விட்டுப் பாருங்கள். தனிச்சோடி புரோத்தனைப் பிடித்துக்கொள்ளும், உறிஞ்சல் திரும்பவும் 254க்கே வந்துவிடும். அனிலீன் அமோனியாவைவிட மென்மையான மூலமாக (base) இருப்பதற்கும் இதே தனிச்சோடிதான் காரணம்.

இனி சொல்லுக்கு வருகிறேன். கல்முனையில் எங்கள் ஆய்வுகூடத்தில் ஐஸ் இல்லை. அனிலீனை, சாயம் செய்யப் பயன்படும் ஈரசோனியம் (diazonium) உப்பாக்க 5 பாகை செல்சியசுக்குக் கீழே வைத்திருக்க வேண்டும்; சூடேறினால் நைதரசன் குமிழ்விட்டுப் போய்விடும், பீனோல்தான் மிஞ்சும். மீன்வாடியில் ஒரு பை ஐஸ்தூள் வாங்கிவந்தோம். ஈரசோனியத்தோடு சேர்ந்து சாயமாகும் 2-நப்தோலைக் காரத்தில் கரைத்து, வெள்ளைப் பருத்தி நூலை அதில் ஊறவைத்துப் பிழிந்து, கையுறை போட்ட விரலால் ஈரசோனியக் கரைசலுக்குள் இறக்கினேன். நூலின் நுனி முதலில் சிவந்தது, பிறகு முழு இழையும் செம்மஞ்சளாகச் சிவந்தது. பக்கத்தில் நின்ற பையன் மருதமுனை, வீட்டில் தறி இருக்கிறது. "சாயம் ஏறிட்டு சேர்" என்றான்.

அந்த 'ஏறு' எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆகவே 'சாயமேற்றி' என்று முன்வைக்கிறேன். நிறத்தையும் உயர்த்துகிறது, நூலிலும் சாயத்தை ஏற்றுகிறது, இரண்டும் ஒரே சொல்லில் வருகின்றன.

அனிலீனையே 'நீலியம்' ஆக்கலாமா என்று பேராதனைத் தம்பி கேட்டிருந்தார். வேண்டாம் தம்பி. 1840இல் பிரிட்சே அவுரி நீலத்தைப் பொற்றாசுடன் சேர்த்து வடித்தெடுத்தபோது, அவுரிக்குப் போர்த்துக்கேயர் வழங்கிய 'அனில்' என்பதை வைத்துப் பெயரிட்டார். அந்த அனில் அரபு வழியாக நம் 'நீல'த்திலிருந்து போனதுதான். பெயருக்குள் நீலம் ஏற்கெனவே இருக்கிறது.

* * *

சேர், வணக்கம். அக்கரைப்பற்றிலிருந்து எழுதுகிறேன்.

'ஏற்றி' நல்ல சொல். 'சாய'த்தில்தான் எனக்குச் சம்மதமில்லை. உங்கள் நூலில் சாயம் நின்றது ஒக்சோகுறோம் கூட்டத்தாலா? கரையாத சாயம் இழைக்குள்ளேயே உருவாகி அங்கேயே அகப்பட்டுக்கொண்டது. பட்டு, கம்பளி என்றால் அமீனோக் கூட்டம் உப்பாகி இழையைப் பிடிக்கும் என்று சொல்லலாம். பருத்திக்கு அந்தக் கதை பொருந்தாது. சாயமேற்றி என்று படித்த பிள்ளை எல்லா நூலிலும் அதுதான் பிடித்துவைக்கிறது என்று எழுதிவிடும். இன்னொன்று, சாயத்தை இழையில் பிடித்துவைக்கும் படிகாரம் போன்றவற்றுக்கு 'நிறமூன்றி' என்று சிலர் வழங்குகிறார்கள். ஊன்றும் வேலை அதனுடையது, அதை அதற்கே விட்டுவிடுவோம். 'நிறமேற்றி' என்றால் என்ன சேர்?

* * *

ரீச்சர், நீங்கள் சொல்வது சரி. அந்தப் பையனின் சொல்லைக் கேட்ட சந்தோசத்தில் இரண்டு வேலையையும் ஒன்றாகக் கட்டிவிட்டேன். நப்தோல் நூலில் நடந்ததைக் காட்டி அமீனோக் கூட்டத்தின் வேலையை விளக்கவும் முடியாது. அங்கே ஏற்றியது நப்தோலின் ஐதரொட்சில் கூட்டம். பருத்தி நூலை வைத்தே பிழையான காரணம் சொல்லிக்கொடுத்திருப்பேன்.

நிறந்தாங்கி, நிறமேற்றி, நிறமூன்றி. மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், ஒன்றோடொன்று குழம்பவில்லை. கூட்டத்தைக் குறிக்கும்போது 'நிறமேற்றிக் கூட்டம்' என்று எழுதலாம். நாளை வகுப்பில் அப்படித்தான் பலகையில் எழுதப்போகிறேன். சென்னை நண்பர் துணைநிறமியை விட்டுக்கொடுப்பாரா என்று அவரே சொல்லட்டும்.