முதல் பைக், ஞாயிறு பார்க்கப் போகிறேன்: என்ன பார்க்க வேண்டும்?

அண்ணாமாரே, ஹட்டனில் இருந்து எழுதுகிறேன். தலவாக்கலையில் ஒரு பழைய டிஸ்கவர் 125 விலைக்கு இருக்கிறது. நேற்றுப் போனபோது எஞ்சினைத் தொட்டுப் பார்த்தேன், ஏற்கனவே சூடு. ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினால்தான் குறை தெரியும் என்பார்களே, அதுதான் மனதை உறுத்துகிறது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் விரல் வைத்தேன், எண்ணெய்ப் பிசுபிசுப்பு. எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் மட்டும் மாற்றினால் போதுமா, குழாயே தேய்ந்திருக்குமா? செயின் சக்கரத்தின் பற்களும் கொக்கி மாதிரி வளைந்துவிட்டன. அதைச் செட்டாக மாற்ற வேண்டும், சரி.

எனக்குப் பெரிய பயம் கிளச்தான். நம்ம ஏற்றங்களில் தங்கச்சியையும் ஏற்றிக்கொண்டு போகும்போது எஞ்சின் மட்டும் இரைந்து வண்டி இழுக்காவிட்டால்? ஓட்டிப் பார்க்கும்போதே அதை எப்படிக் கண்டுபிடிப்பது? வண்டியின் பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின், செசி இலக்கங்கள் வண்டியோடு ஒத்துப்போகின்றன. வண்டி மேல் லீசிங் (தவணைக் கடன்) பாக்கி இருக்கிறதா என்று எங்கே விசாரிப்பது?

அம்மாவின் சீட்டுக் காசு இது. ஞாயிறுக்கு முன் சொல்லுங்கள்.