ஹைட்ராஞ்சியாவின் நிறமாற்றம்: கலைச்சொல் தேவை

அனைவருக்கும் வணக்கம்.

மலைத்தோட்டக் கையேட்டில் ஹைட்ராஞ்சியா பகுதிக்குச் சொற்கள் வேண்டும். ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா பக்கமெல்லாம் பந்து பந்தாகப் பூக்கும் அதே செடிதான். கைவசம் 'நிறமாற்றம்' என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. அதையே மூன்று வேறு நிகழ்வுகளுக்கும் போடுகிறார்கள்: இளஞ்சிவப்புச் செடி மண்ணால் நீலமாவது, பூத்த கொத்து நாளாகிப் பச்சையாவது, நோயால் பூ இலைபோல் ஆவது. முதலாவது நம் கையில் இருக்கிறது. இரண்டாவதை அதன் போக்கில் விட்டுவிடலாம். மூன்றாவதென்றால் செடியைப் பிடுங்க வேண்டும். சொல் பிரியாவிட்டால் நோய்ச்செடிக்கு, நீலமாக்க ஊற்றும் படிகாரத்தை ஊற்றிக்கொண்டு காத்திருப்பார்கள்.

மண்ணின் பி.எச். (அமில-கார அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5க்குக் கீழே நீலம், 6க்கு மேலே இளஞ்சிவப்பு, இடையில் ஊதா என்பதால் முதலாவதை 'அமிலநீலம்' எனலாமா?

*

> முதலாவதை 'அமிலநீலம்' எனலாமா?

வேண்டாம் ஐயா. நீலத்தைத் தருவது அலுமினியம். மண்ணில் கரையாமல் கிடக்கும் அலுமினியத்தைக் கரைத்து வேருக்கு எட்ட வைப்பதோடு அமிலத்தின் வேலை முடிந்துவிடுகிறது.

நீலப்பூவிலும் இளஞ்சிவப்புப் பூவிலும் இருப்பது ஒரே நிறமி, டெல்ஃபினிடின் 3-குளுக்கோசைடு. வேர் உறிஞ்சிய அலுமினியம் இலையில் சிட்ரிக் அமிலத்தோடு பிணைந்து, செடிக்கு நஞ்சாகாத வடிவில் தங்குகிறது. புல்லிதழ் (இந்தச் செடியில் பூவிதழ் போலத் தெரிவது) செல்லின் வாக்குவோலுக்குள், அதாவது செல்லின் சாற்றுப்பைக்குள், அலுமினியமும் நிறமியும், நியோகுளோரோஜெனிக் அமிலம் போன்ற துணைநிறமியும் (நிறமியோடு சேர்ந்து அதன் நிறத்துக்கு உதவும் பொருள்) கூடினால்தான் நீலம். வெள்ளை வகைகளில் அந்த நிறமியே இல்லாததால் எவ்வளவு அலுமினியம் ஊற்றினாலும் நீலம் வராது. துணைநிறமியின் வகையும் அளவும் ரகத்துக்கு ரகம் வேறுபடும். ஒரே பாத்தியில் ஒரு ரகம் பளிச்சென்று நீலமாக, பக்கத்து ரகம் ஊதாவோடு நின்றுவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

லிட்மஸ் படித்த பிள்ளைகளுக்கும் 'அமிலநீலம்' குழப்பம்தான். அமிலத்தில் சிவக்க வேண்டியது இங்கே நீலமாகிறதே என்பார்கள். மண்ணின் பி.எச். வேறு, செல்லுக்குள்ளே இருக்கும் பி.எச். வேறு. ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தின் குமி யோஷிதா குழு 2003இல் வெளியிட்ட அளவீட்டின்படி, நீலச் செல்லின் வாக்குவோலில் பி.எச். சுமார் 4.1, சிவப்புச் செல்லில் சுமார் 3.3. உள்ளே பார்த்தால் நீலத்தில்தான் அமிலம் குறைவு.

'அலுமினிய நீலம்' என்று நிறத்துக்கும், 'நீலமேற்றல்' என்று அதற்காக நாம் செய்யும் வேலைக்கும் பெயர் வைக்கலாம் என்பது என் கருத்து.

*

'நீலமேற்றல்' பொருத்தமாக இருக்கிறது. 'நீலமாக்கல்' என்றால் விரிந்த கொத்தின் அடியில் ஊற்றி மறுநாள் எட்டிப் பார்ப்பார்கள். புல்லிதழ் நிறம் பிடிக்கும் முன்பே அலுமினியம் செடிக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஆகவே மொட்டுக்கொத்து கண்ணுக்குத் தெரியும் முன்னரே தொடங்க வேண்டும். முழு நீலம் அடுத்த பூப்பில்தான் வரும்.

'அமிலநீலம்' கூடாது என்பதற்குத் தொட்டிச்செடி நல்ல சான்று. தென்னைநார்க்கழிவில் மட்டும் வைத்த செடிக்கு வினிகர் ஊற்றி பி.எச்.சை 5க்கு இறக்கினாலும் பூ இளஞ்சிவப்பாகவே இருக்கும். கரைவதற்கு அந்தக் கலவையில் அலுமினியம் இருந்தால்தானே?

கையேட்டுக்கான அளவு: 4 லிட்டர் தண்ணீரில் 15 கிராம் அலுமினியம் சல்ஃபேட். முதலில் வெறும் தண்ணீர் விட்டு மண்ணை நனைத்துவிட்டு, பிறகு தூரைச் சுற்றி ஊற்றவும். காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் கருகும், இலை ஓரம் பழுப்பேறும். மாதம் ஒரு முறையாக மூன்று முறை போதும். இலையில் படக் கூடாது. கடையில் படிகாரம்தான் கிடைக்கிறதென்றால் அதுவும் ஆகும். ஆனால் அதில் அலுமினியம் சுமார் 5.7 சதவீதம்தான், 18 நீர்மூலக்கூறு கொண்ட அலுமினியம் சல்ஃபேட்டில் சுமார் 8.1. எனவே 15 கிராமுக்குப் பதில் 21 கிராம். படிகாரம், சீனக்காரம் என்ற பெயர்களில் 'காரம்' இருப்பதால் அது மண்ணைக் காரமாக்கும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. கரைசல் அமிலமானது என்று கையேட்டில் கட்டாயம் ஒரு வரி வேண்டும்.

நீலமேற்றல் பலிக்காத இடங்களில் முதலில் உரத்தைப் பாருங்கள். சூப்பர் பாஸ்பேட்டும் எலும்புத்தூளும் போட்ட மண்ணில் பாஸ்பரஸ் அலுமினியத்தைப் பிடித்துக் கரையாத உப்பாக்கிவிடும். பி.எச். 5 என்று காட்டும், பூ இளஞ்சிவப்பாக இருக்கும். அடுத்தது தண்ணீர். உப்புப் படியும் கடின ஆழ்துளைக்கிணற்று நீர் ஊற்ற ஊற்ற பி.எச். ஏறும், மழைநீர் பிடித்து ஊற்றுவது மேல். சிமெண்ட் சுவரோரம் சுண்ணாம்பு கசிவதால், ஒரே புதரில் சுவர்ப்பக்கக் கிளை இளஞ்சிவப்பாகவும் எதிர்ப்பக்கம் நீலமாகவும் பூப்பதுண்டு. அடுப்புச் சாம்பலைக் கொட்டினாலும் இதே கதைதான்.

இளஞ்சிவப்பு வேண்டுவோர் டோலமைட் சுண்ணாம்பு போடலாம். பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். பி.எச். 6.5ஐத் தாண்டவிட்டால் இரும்பு கிடைக்காமல் இளந்தளிர் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க வெளுத்துப்போகும்.

ஒரு திருத்தம். ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் கரோட்டினாய்டுகளைத் 'துணைநிறமி' என்று எழுதிவிட்டோம். இங்கே குறிக்கும் பொருளுக்கோ நிறமே கிடையாது. இதை 'நிறத்துணை' எனலாமே?

*

'நிறத்துணை' மிக நன்று, நான் எழுதிய 'துணைநிறமி'யைத் திரும்பப் பெறுகிறேன்.

இரண்டாவது நிகழ்வுக்கு 'முதிர்நிறம்' போதும். விரியும்போது வெளிர்பச்சை, பிறகு நீலம் அல்லது இளஞ்சிவப்பு, வாரங்கள் கழித்து மறுபடி பச்சை, குளிர் வந்தால் அதன்மேல் மங்கிய சிவப்பு. நாம் பூவிதழ் என்று பார்ப்பது புல்லிதழ் என்பதால்தான் இது நடக்கிறது. உதிராமல் மாதக்கணக்கில் நின்று, பச்சையம் திரும்பச் சேர்ந்து, தடித்துக் காகிதம் போலாகிறது. மண்ணுக்கு இதில் பங்கில்லை. வெள்ளையாக விரியும் 'அன்னபெல்' ரகம் பச்சையாவதும், பச்சையாகத் தொடங்கும் 'லைம்லைட்' ரகம் வெள்ளை வழியாக இளஞ்சிவப்பாவதும் முதிர்நிறமே. இவற்றுக்குப் படிகாரம் வீண்.

வடிவத்துக்கும் சொல் வேண்டும். முழு உருண்டையைப் 'பந்துக்கொத்து' என்றும், நடுவில் பொடிப்பூக்களும் ஓரத்தில் பெரிய பூக்களுமாக இருப்பதைத் 'தட்டைக்கொத்து' என்றும் சொல்லலாம். ஓரப்பூவை 'மலட்டுப்பூ' என்று எழுத வேண்டாம். அதன் நடுவிலும் சின்ன அல்லியிதழ்களும் மகரந்தத்தாள்களும் உண்டு, சில விதையும் பிடிக்கும். 'அலங்காரப்பூ' சரியாக இருக்கும். தட்டைக்கொத்தில் மகரந்தச்சேர்க்கை முடிந்ததும் அலங்காரப்பூக்கள் குப்புறக் கவிழ்ந்துகொள்ளும். இதை வாடல் என்று நினைத்துத் தண்ணீரைக் கூட்டினால் வேர் அழுகும்.

*

மூன்றாவதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம். எள்ளில் இதே வகை நோயைப் 'பூவிலை நோய்' என்கிறோம். அங்கே தத்துப்பூச்சி பரப்பும் ஃபைட்டோபிளாஸ்மா (செல்சுவர் இல்லாத ஒருவகை பாக்டீரியா) காரணம். ஜப்பானிய ஹைட்ராஞ்சியாவிலும் ஒரு ஃபைட்டோபிளாஸ்மாதான். அந்த இனத்துக்கு 'ஃபைட்டோபிளாஸ்மா ஜப்பானிகம்' என்று பெயர். ஆகவே 'ஹைட்ராஞ்சியா பூவிலை நோய்'.

முதிர்நிறத்திலிருந்து பிரித்தறியும் குறிப்பையும் சொல்லோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். முதிர்ந்த கொத்து ஒருமுறை நிறம் பிடித்துவிட்டுத்தான் பச்சையாகும், கொத்து முழுக்க ஏறக்குறைய சீராக. பூவிலை நோயில் நிறமே பிடிக்காது. புல்லிதழில் இலைபோல் நரம்பு தடித்திருக்கும், பூவின் நடுவிலிருந்து தளிரோ இன்னொரு மொட்டோ கிளம்பும். இளங்கொத்தும் பச்சையாகத்தான் இருக்கும் என்பதால் பக்கத்துக் கொத்துகள் நிறம் பிடிக்கும்வரை பொறுத்துப் பார்க்கவும். நோய் உறுதியானால் செடியை வேரோடு எடுத்து எரிக்க வேண்டும். பச்சைப்பூ அழகாக இருக்கிறதென்று பதியன் போட்டால் எல்லாப் பதியனிலும் நோய் போகும். கத்தரியையும் துடைத்துவிட்டு அடுத்த செடிக்குப் போகவும்.

*

நன்றி. இந்தச் சொற்களையே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் பாக்கி. கையேட்டில் மருந்தின் பெயரை 'நீலமேற்றி' என்று போடலாமா?

*

போடலாம். ஆனால் பக்கத்திலேயே 'அலுமினியம் சல்ஃபேட்' என்றும் அச்சிடுங்கள். இல்லாவிட்டால் அன்னபேதியையும் அதே பெயரில் விற்பார்கள். அன்னபேதி இரும்பு உப்பு. தரையில் நட்ட செடிக்கு அது பி.எச்.சை இறக்கி, மண்ணில் இருக்கும் அலுமினியத்தைக் கொஞ்சம் கரைத்துக் கொடுக்கும். தென்னைநார்த் தொட்டியில் அதனால் நீலம் வராது.